நீர்த்தாவரத் தொட்டிக்குக் கரியமில வாயு: டைமர் போதுமா, பிஹெச் கன்ட்ரோலர் வேண்டுமா?

மீன்தொட்டியில் வளரும் செடிகளுக்குக் கரியமில வாயு கொடுக்க சிலிண்டர், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், வாயுவைச் சிறு குமிழ்களாக நீரில் விடும் டிஃப்யூஸர் என்று எல்லாம் வாங்கி வைத்த பிறகு பலரும் வந்து முட்டிக்கொள்ளும் கேள்வி இது. டைமர் நேரம் பார்த்து வாயுவைத் திறந்து மூடும். பிஹெச் கன்ட்ரோலர் நீரின் பிஹெச்சை, அதாவது அமில காரத் தன்மையின் அளவை, பார்த்துத் திறந்து மூடும். "பிஹெச் கன்ட்ரோலர் மாட்டிவிட்டால் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்" என்கிறார் கடைக்காரர். "சில நூறு ரூபாய் டைமர் போதும், பணத்தைக் கரியாக்காதீர்கள்" என்கிறார் பல வருடமாகத் தொட்டி வைத்திருக்கும் நண்பர். அவரவர் வீட்டுத் தண்ணீரை வைத்துப் பார்த்தால் இருவர் சொல்வதும் சரிதான். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று இருவருமே கேட்பதில்லை.

இந்தக் கட்டுரையில் நான்கு வழிகளை ஒப்பிடுகிறேன்: டைமர் மட்டும், கன்ட்ரோலர் மட்டும், இரண்டும் சேர்ந்து, சிலிண்டரே இல்லாத எளிய வழி. நாலாவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

விலையை முதலில் பார்ப்பது இயல்பு. இந்த விஷயத்தில் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் கேள்வி: ஏதாவது ஒன்று பழுதானால் மீன்களுக்கு என்ன ஆகும்? இரண்டாவது: விளக்கு எரியும் ஏழெட்டு மணி நேரமும் வாயுவின் அளவு ஒரே சீராக இருக்குமா? செடிகள் குறைவான அளவுக்குக்கூடப் பழகிக்கொள்ளும். தினமும் ஏறி இறங்கும் அளவுக்குப் பழகாது. கரும்பாசி தலைகாட்டும் தொட்டிகளில் அனுபவசாலிகள் முதலில் சந்தேகிப்பதும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். மூன்றாவது: நீங்கள் ஊற்றும் தண்ணீரின் தன்மை மாறினால் ஏற்பாடு தாங்குமா? அதற்குப் பிறகு பராமரிப்பு, கடைசியாகப் பணம்.

மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான முடிவுகள் கவிழ்கின்றன. அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

## கன்ட்ரோலர் உண்மையில் எதை அளக்கிறது

கன்ட்ரோலர் கரியமில வாயுவை அளப்பதில்லை. நீரில் தொங்கும் கண்ணாடி முனை பிஹெச்சை அளக்கிறது. அதை வைத்து வாயு எவ்வளவு இருக்கும் என்று நாம் ஊகிக்கிறோம். வாயு கரைந்தால் பிஹெச் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை நீரில் உள்ள பைகார்பனேட், அதாவது கேஹெச் என்று நாம் அளக்கும் கார்பனேட் கடினத்தன்மை, முடிவு செய்கிறது. வழக்கமான சூத்திரம் இது: கேஹெச்சை 3-ஆல் பெருக்கி, அதை 10-இன் (7 கழித்தல் பிஹெச்) அடுக்கால் பெருக்கினால் வாயுவின் அளவு பிபிஎம்-இல் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில்) கிடைக்கும்.

நம் இலக்கு 30 பிபிஎம், அதற்காகக் கன்ட்ரோலரை 6.6-இல் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

| கேஹெச் (டிகிரி) | பிஹெச் 6.6-இல் வாயு (பிபிஎம்) | 30 பிபிஎம் கிடைக்கும் பிஹெச் |
|---|---|---|
| 2 | 15 | 6.3 |
| 4 | 30 | 6.6 |
| 8 | 60 | 6.9 |
| 12 | 90 | 7.1 |

இரண்டாவது வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். கேஹெச் 4 இருக்கும்போது அமைத்த கருவி, கேஹெச் 12 உள்ள போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றிய பிறகும் 6.6-ஐத்தான் தேடும். பாதி மாற்றியதில் கேஹெச் 8 ஆகியிருக்கும். பிஹெச் மேலே இருக்கிறதே என்று வால்வைத் திறந்து, 60 பிபிஎம் வரை வாயுவை ஏற்றிவிட்டுத்தான் மூடும். அந்த நேரம் முழுக்கத் திரையில் 6.6-ஐ நோக்கி எண்கள் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கும். மீன்களோ நீர்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு, செவுள்களை வேகமாக அடித்துக்கொண்டிருக்கும்.

சென்னைக்காரர்களுக்கு இது கற்பனைக் கணக்கு அல்ல. ஏரிகளில் இருந்து வரும் குழாய்த் தண்ணீர், வீராணம் தண்ணீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புவது, கோடையில் லாரி, எதுவும் வராத நாளில் வீட்டு போர் என்று ஒரே குழாயில் பல ஊற்றுகளின் தண்ணீர் வந்து சேர்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தொட்டியில் இவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது காவலாளிக்கும் தெரியாது. போன மாதம் அளந்த கேஹெச்சை நம்பி இந்த மாதமும் கருவியை ஓட்டுவதில்தான் ஆபத்து.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமிலத்தன்மை உள்ள செடி மண் புதிதாகப் போட்ட தொட்டியில் அந்த மண் கேஹெச்சை இழுத்துக்கொண்டே இருக்கும். 4 இருந்தது 2 ஆகும். கன்ட்ரோலர் அதே 6.6-இல் வாயுவை நிறுத்த, செடிக்குப் பாதி அளவுதான் கிடைக்கும். இலைகள் சுருங்குகின்றன, பாசி படிகிறது, உரம் போதவில்லையோ என்று உரத்தை ஊற்றத் தொடங்குவோம். தொட்டியில் கிடக்கும் மரக்கட்டை விடும் கறையும் பிஹெச்சை இறக்கும். அதையும் கருவி வாயு என்றே எண்ணிக்கொள்ளும்.

கடல்நீர்த் தொட்டிக்காரர்களிடம் இந்தக் கருவிகளுக்கு நல்ல மதிப்பு உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். பவளத் தொட்டிகளில் வைக்கும் கால்சியம் ரியாக்டரில் பவளச் சுண்ணாம்பைக் கரைக்க உள்ளே பிஹெச்சை 6.5 அளவில் நிறுத்தி வைப்பார்கள். அங்கே பிஹெச்தான் இலக்கு, அதனால் அந்த வேலையைக் கருவி அழகாகச் செய்கிறது. செடித்தொட்டியில் பிஹெச் வெறும் அடையாளம்.

## வழி ஒன்று: டைமர், சோலனாய்டு, ஊசி வால்வு

விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் சோலனாய்டு, அதாவது மின்சாரத்தால் இயங்கும் வால்வு, திறக்கிறது. விளக்கு அணைய ஒரு மணி நேரம் இருக்கும்போது மூடுகிறது. எவ்வளவு வாயு போக வேண்டும் என்பதை ஊசி வால்வில் ஒருமுறை திருகி வைக்கிறோம். இதில் எந்த மூளையும் இல்லை, அதனால் தவறான முடிவு எடுக்கவும் வழியில்லை. கேஹெச் 4 ஆனாலும் 12 ஆனாலும் மணிக்கு இவ்வளவு வாயு என்பது மாறாது. நீரில் கரைந்து நிற்கும் அளவும் பெரிதாக மாறாது. மேலே சொன்ன மூன்றாவது கேள்வியில் டைமர் முழு மதிப்பெண் வாங்குகிறது.

குறை, ஆரம்ப நாட்களின் பொறுமையில் இருக்கிறது. நொடிக்கு ஒரு குமிழ், இரண்டு குமிழ் என்று பிறர் சொல்லும் கணக்கு உங்களுக்கு உதவாது. குமிழ்களை எண்ணப் பயன்படும் சிறு குடுவையான பபிள் கவுண்டர் ஒவ்வொன்றிலும் குமிழின் அளவு வேறு. சரியான வழி இது. தொட்டி நீரை ஒரு குவளையில் எடுத்து ஒரு நாள் முழுக்கக் காற்றுக்கல் போட்டு வைத்து, அதன் பிஹெச்சைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாயு ஓடும் தொட்டியில் பிஹெச் அதைவிட 1 குறையும் வரை, பல நாட்களில் சிறுகச் சிறுக வால்வைத் திறவுங்கள். பிஹெச் 1 இறங்கினால் வாயு பத்து மடங்கு ஆகிவிட்டது என்று பொருள். காற்றோடு முழுமையாகச் சமநிலை அடைந்த நீரில் ஒரு பிபிஎம்முக்கும் குறைவான வாயுதான் இருக்கும் என்பதால், 1 என்பது பாதுகாப்பான தொடக்கம் மட்டுமே. அதற்கு மேல் போவதை மீன்களின் மூச்சையும் செடிகளின் நுனியையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். வாயுவின் அளவை நிறத்தில் காட்டும் சிறு குடுவையான ட்ராப் செக்கரில் கேஹெச் 4 கரைசலை ஊற்றித் தொட்டிக்குள் வைத்தால் நீலத்தில் இருந்து பச்சைக்கு வரும்போது ஏறத்தாழ 30 பிபிஎம், மஞ்சளானால் அதிகம். அது ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் பேசும் என்பதை மறக்கக் கூடாது.

மறைசெலவு மின்வெட்டில் இருக்கிறது. முள் சுழலும் பழைய பாணி டைமர், மின்சாரம் போன நேரம் நின்று, பிறகு அத்தனை நேரம் பின்தங்கி ஓடும். விளக்குக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று என்று இரண்டு வகை டைமர் வைத்திருந்தால் நாலைந்து மின்வெட்டில் இரண்டும் பிரிந்துவிடும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். இன்னொன்று: சோலனாய்டு இன்வெர்ட்டர் இணைப்பிலும் ஃபில்டர் சாதாரண இணைப்பிலும் இருந்தால், மின்வெட்டின்போது நீரோட்டம் நின்று வாயு மட்டும் ஓடும். இரண்டையும் ஒரே இணைப்பில் வையுங்கள்.

டைமருக்கு உண்மையான பலவீனம் ஒன்றுதான். சிலிண்டரில் திரவமாக இருக்கும் வாயு தீரும்வரை அழுத்தம் இறங்காது. 25 டிகிரி வெப்பத்தில் அது 64 பார் அளவில் நிற்கும். திரவம் தீர்ந்ததும் மளமளவென்று இறங்கும். அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றைக் கட்ட ரெகுலேட்டராக இருந்தால், உள்ளழுத்தம் இறங்கும்போது வெளியழுத்தம் ஏறி, ஊசி வால்வு வழியாக வாயு கொட்டிவிடக்கூடும். டைமருக்கு இது தெரியாது. இரட்டைக் கட்ட ரெகுலேட்டர் இதைத் தடுக்கும். அழுத்தமானி இறங்கத் தொடங்கிய நாளே சிலிண்டரை நிரப்பக் கொடுத்துவிடும் பழக்கமும் தடுக்கும். அதற்குப் பணம் எதுவும் ஆகாது.

## வழி இரண்டு: கன்ட்ரோலரே ஓட்டுவது

கடைக்காரர் பரிந்துரைப்பது இதைத்தான். ஊசி வால்வைத் தாராளமாகத் திறந்துவிட்டு, 6.6 வந்தால் மூடு, 6.7-க்கு ஏறினால் திற என்று கருவியிடம் ஒப்படைப்பது.

கேஹெச் அசையாத தொட்டியில் இது நன்றாகவே ஓடும். ஆர்ஓ நீரில் உப்புகளை அளந்து சேர்த்து ஒவ்வொரு முறையும் அதே கேஹெச்சைக் கொண்டுவருபவர்கள், கேஹெச்சை உறிஞ்சாத மணலைப் போட்டிருப்பவர்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டியலில் வருவார்கள். காலையில் வேகமாக இலக்கைத் தொடுவது இதன் பலம். மேற்பரப்பு அலை கூடினாலும் குறைந்தாலும் கருவி ஈடுகட்டிக்கொள்ளும்.

ஆனால் விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள் இங்கேதான் அதிகம். பெயர் பெற்ற நிறுவனங்களின் கருவி ஐந்திலக்க ரூபாயைத் தொடும். அதோடு முடியாது, அந்தக் கண்ணாடி முனை தேய்ந்துபோகும் பொருள். ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை 7-ஆம் 4-ஆம் எண் பஃபர் கரைசல்களில், அதாவது பிஹெச் 7, 4 என்று உறுதியாகத் தெரிந்த கரைசல்களில், முக்கிச் சரிபார்க்க வேண்டும். எடுத்து வைக்கும்போது பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைத்தால் முனை கெடும்.

முனை முதுமையடைவதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதை விற்பனையாளர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. பழைய முனையின் உணர்வு மங்கும்போது அளவுகள் 7-ஐ நோக்கிச் சுருங்கும். 7-ஆம் எண் பஃபரில் முக்கினால் அச்சுப் பிசகாமல் 7.0 காட்டும், நாமும் நிம்மதி அடைவோம். 4-இல் முக்கினால்தான் 4.4, 4.5 என்று நின்று குட்டு வெளிப்படும். உணர்வு 85 சதவீதமாகக் குறைந்த முனை 6.5 என்று காட்டும்போது நீரின் உண்மையான பிஹெச் 6.4-ஐ ஒட்டி இருக்கும். 30 பிபிஎம் என்று நாம் நினைக்கும் இடத்தில் 37 இருக்கும். அதாவது செடித்தொட்டி ஓடும் பிஹெச் பகுதியில், முனையின் முதுமை எப்போதும் வாயுவை அதிகமாகத் திறக்கும் பக்கமே சாய்கிறது. சென்னைக் கோடையில் தொட்டி 30 டிகிரியில் இருக்கும்போது நீரில் கரையும் ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான். அப்போது இந்த ஏழு பிபிஎம் சின்ன விஷயம் அல்ல.

முனையை எங்கே தொங்கவிடுகிறோம் என்பதும் முக்கியம். டிஃப்யூஸருக்கு நேர் மேலே வைத்தால் குமிழ் பட்டுப் பட்டு அளவு துள்ளும். வெளிச்சம் நேராக விழும் இடத்தில் வைத்தால் சில வாரத்தில் கண்ணாடிக் குமிழின் மேல் பழுப்பு நிறப் படலம் படியும். விரலால் தொட்டால் வழவழப்பு தெரியும். படலம் படிந்த முனை மாற்றத்தை மெதுவாகத்தான் உணரும். வாயு ஏறிக்கொண்டிருக்கும், எண் நகர யோசிக்கும். மோட்டாரில் இருந்து மின்கசிவு இருந்தாலும் அளவு தாறுமாறாகும். மோட்டாரை அணைத்த நொடியில் திரையில் எண் குதித்தால் அதுதான் காரணம். கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மோட்டாரைப் பாருங்கள்.

வாயு மிச்சமாகும் என்று விளம்பரம் சொல்லும். மிச்சமாவது சொற்பம். சிலிண்டர் நிரப்பும் செலவு இந்தப் பொழுதுபோக்கின் மிக மலிவான செலவுகளில் ஒன்று. அதை மிச்சப்படுத்தப் பல மடங்கு விலையில் கருவி வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது.

## வழி மூன்று: டைமர் ஓட்டட்டும், கன்ட்ரோலர் காவல் நிற்கட்டும்

டைமரையும் ஊசி வால்வையும் வழி ஒன்றில் சொன்னபடி அமைத்துவிடுகிறோம். கன்ட்ரோலரை அதே சோலனாய்டின் மின் இணைப்பில் சேர்த்து, தொட்டி வழக்கமாகத் தொடும் பிஹெச்சைவிட 0.2 கீழே நிறுத்துகிறோம். தினமும் 6.6 வரை இறங்கும் தொட்டி என்றால் 6.4. சாதாரண நாட்களில் கருவிக்கு வேலையே இல்லை. சிலிண்டர் தீரும் நேரத்தில் வாயு கொட்டினாலோ, யாராவது ஊசி வால்வைத் தெரியாமல் திருகிவிட்டாலோ அப்போது மூடும்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான், பணம் இருந்தால். முனை கொஞ்சம் தவறாகக் காட்டினாலும் வாயுவின் தினசரி அளவு மாறாது. கடினமான தண்ணீரை ஊற்றினால் காவல் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். கருவி தானாக வாயுவை அள்ளிக் கொட்டாது.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சோலனாய்டே திறந்தபடி சிக்கிக்கொண்டால் கன்ட்ரோலரால் எதுவும் செய்ய முடியாது. அது மூடச் சொல்வது அந்த வால்விடம்தான். அதற்கு உள்ள பாதுகாப்பு, இரவில் விளக்கணைந்த பிறகு பபிள் கவுண்டரை ஒரு பார்வை பார்ப்பது. குமிழ் வந்துகொண்டிருந்தால் சிலிண்டரின் தலை வால்வை மூடுங்கள். பணம் ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால், காவல் கருவியைவிட இரட்டைக் கட்ட ரெகுலேட்டரும் தரமான சோலனாய்டும் முதலில் வரட்டும். அவை பழுதையே தவிர்க்கின்றன.

## வழி நான்கு: சிலிண்டர் இல்லாமல்

சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டில், நிறுத்தவும் முடியாது, நிதானமாக ஓட்டவும் முடியாது. அதோடு கன்ட்ரோலரை இணைப்பதில் பொருளில்லை. வாயுவை அடைத்தால் பாட்டிலில் அழுத்தம் ஏறும். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலந்து வாயு தரும் உலோகக் குடுவை பரவாயில்லை. அதில் ஊசி வால்வும் சோலனாய்டும் மாட்டலாம். தலா 200 கிராம் போட்டால் சுமார் 100 கிராம் வாயு கிடைக்கும். 2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு இருபது முறை கலக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைக்கும் சிறு தொட்டிக்கு இது சரி.

## ஒரே பார்வையில்

| | டைமர் | கன்ட்ரோலர் ஓட்டுவது | டைமருடன் காவல் | சிட்ரிக் குடுவை |
|---|---|---|---|---|
| தண்ணீர் மாறினால் | பாதிப்பு குறைவு | ஆபத்து | பாதிப்பு குறைவு | பாதிப்பு குறைவு |
| சிலிண்டர் தீரும்போது வாயு கொட்டினால் | காப்பு இல்லை | காக்கும் | காக்கும் | பொருந்தாது |
| சோலனாய்டு சிக்கினால் | காப்பு இல்லை | காப்பு இல்லை | காப்பு இல்லை | காப்பு இல்லை |
| தொடர் செலவு | சிலிண்டர் மட்டும் | முனை, பஃபர், சிலிண்டர் | முனை, பஃபர், சிலிண்டர் | பொடிகள் |
| உழைப்பு | தொடக்கத்தில் | மாதந்தோறும் | இரண்டும் | அடிக்கடி |

## யாருக்கு எது

மாநகராட்சித் தண்ணீரும் லாரியும் போரும் மாறி மாறி வரும் வீடு என்றால் டைமர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆர்ஓ நீரில் உப்புச் சேர்த்து ஓட்டும் பெரிய தொட்டி, அதில் விலையுயர்ந்த மீன்கள், அடிக்கடி வெளியூர்ப் பயணம் என்றால் மூன்றாவது வழி. இரண்டாவது வழியை, கேஹெச்சைத் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அளந்து எழுதிவைக்கும் குணம் உள்ளவர்களுக்கு மட்டும் சொல்வேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ரொட்டாலா மக்ராண்ட்ரா போன்ற சிவப்புச் செடிகளை வளர்ப்பவர்களுக்கு, பணத்தைக் கருவியில் போடுவதைவிட வாயுவைத் தொட்டி முழுக்கச் சுற்றவைக்கும் நல்ல நீரோட்டத்தில் போடுவது பலன் தரும்.

உங்கள் தொட்டியில் இருப்பது அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் இலங்கையின் கிரிப்டோகோரின் வென்டியும்தான் என்றால், மேலே சொன்ன எதையுமே வாங்க வேண்டியதில்லை. மிதமான வெளிச்சத்தில் அவை வாயு இல்லாமலே வளரும், மெதுவாக.

கன்ட்ரோலர் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை விற்க அவசரப்பட வேண்டாம். இன்றே இரண்டு பஃபரிலும் முனையைச் சரிபாருங்கள். 4-இல் தடுமாறினால் முனையை மாற்றுங்கள். ஊசி வால்வைக் குறைத்து, கருவியின் துணை இல்லாமலே தொட்டி இலக்கைத் தொடும்படி செய்துவிட்டு, கருவியை 0.2 கீழே தள்ளி வையுங்கள். தண்ணீர் மாற்றும் நாளில் கருவியின் பிளக்கை முதலில் பிடுங்குங்கள். நீர்மட்டம் இறங்கி முனை வெளியே தொங்கும்போது அது என்ன எண் காட்டும், வால்வைத் திறக்குமா மூடுமா என்று யாராலும் சொல்ல முடியாது. புதுத் தண்ணீர் கலந்து கேஹெச்சை அளந்த பிறகு மீண்டும் மாட்டினால் போதும்.